முகாமுக்கு அனுப்புவோம், கேட்டுவிட்டு அனுப்புவோம்

பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வரும். சாரணர் முகாம், மூன்று நாள், இரவுத் தங்கல் உண்டு, சம்மதமென்றால் கீழே கையெழுத்துப் போடவும். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் வட்டாரத்தில் பெண் பிள்ளை இருக்கும் பல வீடுகளிலிருந்து அந்தச் சீட்டு இப்போது கையெழுத்தாகாமல் திரும்பிப் போகிறது. வேறு சில வீடுகளில், நைட் ஷிப்ட் முடிந்து வந்த அசதியில், படிக்காமலேயே கையெழுத்தாகிறது. இரண்டுமே பிள்ளைக்கு நல்லதல்ல.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பகுதியில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று சொல்லி மாணவிகளை இரவு தங்க வைத்தார்கள். அங்கே ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். மற்ற மாணவிகளும் சீண்டலுக்கு ஆளானது பிறகு தெரிந்தது. பயிற்சியாளர் என்று வந்தவருக்கும் என்.சி.சி.க்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. முகாமே போலி. விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்று பள்ளி நிர்வாகத்தில் இருந்தவர்களும் கைதானார்கள்.

அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் கம்பெனி பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை. "இனிமே முகாமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று பக்கத்து சீட்காரர் சொன்னார். அவர் மகளும் என் மகளும் ஒரே சாரணியர் படையில் இருந்தவர்கள். அவர் மகளை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை, நிறுத்தாமல் இருக்க எதையெல்லாம் கேட்டேன், இந்த வட்டாரத்துக் கம்பெனிகளும் அரசும் எதைச் செய்தால் எல்லாப் பெற்றோரும் தைரியமாக அனுப்பலாம் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?

சாரணர் இயக்கத்தையும் என்.சி.சி.யையும் நம்மில் பலர் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம். என்.சி.சி. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் நடப்பது. சாரணர் இயக்கம் ராணுவத்தோடு தொடர்பில்லாத தன்னார்வ இயக்கம். 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய சிறுவர் முகாமிலிருந்து தொடங்கியது. இந்தியாவில் முதலில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டும்தான் இடம். நம் பிள்ளைகளுக்கென்று 1916இல் சென்னையில் தனிச் சாரணர் சங்கம் தொடங்கியவர் அன்னி பெசன்ட். இன்றைய பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950 நவம்பர் 7இல் உருவானது. அடுத்த ஆண்டு சாரணியர் அமைப்பும் அதில் சேர்ந்தது. சின்னப் பிள்ளைகள் குருளையர், நீலப்பறவையர். பத்து வயதுக்கு மேல் சாரணர், சாரணியர். அதற்கும் மேல் 25 வயதுவரை திரிசாரணர், திரிசாரணியர்.

வரலாறு இவ்வளவு போதும். வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன்.

என் மகள் எட்டாம் வகுப்பு. தண்ணீர்த் தொட்டி அருகே வழுக்கி விழுந்த ஆயாவுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. நான் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் தன் சாரணியர் ஸ்கார்ஃபை எடுத்தாள். அது முக்கோணத் துணி. ஆயாவின் கையை மடக்கி நெஞ்சோடு அணைத்து, துணியின் கூர்முனை முழங்கைப் பக்கம் வரும்படி போட்டு, இரண்டு நுனிகளையும் தோளில் கொண்டுவந்து முடிச்சுப் போட்டாள். முடிச்சு பிடரி எலும்பின் மேல் விழாமல், பக்கவாட்டில் பள்ளமான இடத்தில் விழுந்தது. "அங்க போட்டா குத்தும்பா" என்றாள். வலது நுனி இடதின் மேல், பிறகு இடது நுனி வலதின் மேல் போகும் ரீஃப் முடிச்சு அது. தட்டையாகப் படியும், வழுக்காது, அவிழ்ப்பதும் சுலபம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும்வரை ஆயாவின் கை அசையவில்லை. எங்கள் பிளான்ட்டில் முதலுதவிப் பயிற்சி பெற்றவர்கள் பெயர்ப் பட்டியல் போர்டில் தொங்குகிறது. அதில் என் பெயரும் உண்டு. அந்த நேரத்தில் எனக்குக் கை ஓடவில்லை, அவளுக்கு ஓடியது.

இதைவிட நான் பெரிதாக நினைப்பது அவள் அணியை. சாரணர் இயக்கத்தில் ஒரு படை சிறு சிறு அணிகளாகப் பிரியும். ஓர் அணிக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர், அவர்களில் ஒருவரே தலைமை. முகாமில் கூடாரம், சமையல், துப்புரவு எல்லாம் அணிக்கு அணி பொறுப்பு. என் மகளின் அணியில் ஒரு பெண்ணின் அப்பா ஒடிஷாவிலிருந்து வந்து கான்ட்ராக்டில் வேலை செய்கிறார். ஒருத்தி உள்ளூர்ப் பெண், அவர்கள் வீட்டு நிலம் சிப்காட் தொழிற்பூங்காவுக்குப் போனது. இன்னொருத்தியின் அம்மா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறார்.

இந்த மூன்று குடும்பங்களின் பெரியவர்களும் எங்காவது சந்தித்துப் பேசியிருப்பார்களா? இருக்காது. நிலம் கொடுத்தவர்களுக்கு வெளியூர்க்காரர்கள் மேல் வருத்தம். வந்தவர்களுக்கு வாடகையிலும் தண்ணீரிலும் தினம் ஒரு தகராறு. ஆனால் பிள்ளைகள் மூன்று செங்கல் அடுப்பில் ஒன்றாகச் சோறு வடித்திருக்கிறார்கள். ஒடிஷாப் பெண்ணுக்குத் தமிழ் எழுத்து கூட்டத் தெரியாதபோது, அவளுக்கு உறுதிமொழியை வாயால் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கியவள் அந்த நிலம் போன வீட்டுப் பெண்தான். 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்துக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. உள்ளூராரும் வெளியூராரும் ஒன்றாக உட்காரும் திண்ணை மட்டும் வரவில்லை. சாரணர் படை அப்படி ஓர் இடமாக இருப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

"மார்க் வருமா?" என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒரு பதில் உண்டு. படிப்படியாகத் தேர்வுகள் முடித்து ராஜ்ய புரஸ்கார், குடியரசுத் தலைவர் விருது வரை போகலாம். ரயில்வேயில் சாரணர்களுக்கென்று தனி ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். ஆனால் அதற்காகச் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பு வந்ததும் ஸ்கார்ஃபைக் கழற்றச் சொல்லும் பெற்றோர், வாரம் ஒரு மணி நேரம் அதற்கு விட்டுவைத்தாலே போதும்.

கம்பெனியில் இருக்கும் கறார், பள்ளியில் ஏன் இல்லை?

எங்கள் பிளான்ட்டில் ஒரு தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் வொர்க் பர்மிட் இல்லாமல் யாரும் கால் வைக்க முடியாது. யார் இறங்குகிறார், அவருக்குப் பயிற்சி உண்டா, உள்ளே காற்று சரியா, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது எல்லாம் அதில் இருக்கும். ஒருவருக்கு மேற்பட்டவர் கையெழுத்திட வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்வரை வெளியே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், டீ குடிக்கக்கூட நகரக் கூடாது. இந்த வட்டாரத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் இது புதிதல்ல. ஆனால் முப்பது பிள்ளைகளை மூன்று இரவுக்கு அனுப்ப, பெற்றோரின் ஒரே ஒரு கையெழுத்து போதும் என்று இருக்கிறது.

கிருஷ்ணகிரியில் அந்த ஒரு கையெழுத்துக்கு மேல் யாராவது ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இந்த முகாமுக்கு என்.சி.சி. அலுவலகம் அனுமதி கொடுத்ததா என்ற கேள்வி. ஒரு போனில் உண்மை தெரிந்திருக்கும்.

அசல் இயக்கம் என்றாலே ஆபத்தில்லை என்றும் இருந்துவிட முடியாது. அமெரிக்கச் சாரணர் அமைப்பு 2020 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. சிறுவயதில் முகாம்களிலும் படைகளிலும் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 82 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இழப்பீடு கேட்டார்கள். 246 கோடி டாலர் நிதி ஒதுக்க வேண்டி வந்தது. யார் மேல் புகார் வந்தது என்ற கோப்புகள் பல பத்தாண்டுகளாக அந்த அமைப்பின் அலுவலகத்திலேயே பூட்டிக் கிடந்தன. 2012இல் நீதிமன்ற உத்தரவால்தான் அவற்றில் ஒரு பகுதி வெளியே வந்தது. இன்று அங்கே கண்டிப்பான விதி ஒன்று உண்டு. எந்த நிகழ்ச்சியிலும் பதிவு பெற்ற பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக் கூடாது. தொட்டிக்கு வெளியே நிற்கும் ஆளைப் போலத்தான் இதுவும்.

ஆபத்து வேறு வழியிலும் வரும். 2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமங்கம் என்ற இடத்தில் உலகச் சாரணர் பெருந்திரளணி நடந்தது. கடலைத் தூர்த்து எடுத்த நிலம், நிழல் கிடையாது, கடுமையான வெயில். சுமார் 43 ஆயிரம் பேர் கூடிய இடத்தில் நூற்றுக்கணக்கானோர் வெப்பத்தால் சுருண்டார்கள். கழிப்பறைகள் நாறின. பிரிட்டனும் அமெரிக்காவும் தங்கள் பிள்ளைகளை வெளியே கொண்டுபோய்விட்டன. கடைசியில் புயல் வருகிறதென்று மொத்த முகாமையும் காலி செய்தார்கள். பணமும் தொழில்நுட்பமும் நிறைந்த நாட்டிலேயே நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் இப்படிக் கவிழ்த்துவிட்டன. நம்மூர் ஏப்ரல், மே வெயிலில் முகாம் போடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியது

மகளின் முகாமுக்கு முன்பு நான் பள்ளிக்குப் போய்க் கேட்டவை இவை. பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் மாவட்ட அமைப்புக்கு இந்த முகாம் தெரியுமா? எழுத்தில் இருக்கிறதா? உலகச் சாரணர் அமைப்பில் இந்தியாவின் உறுப்பு அந்த இயக்கம்தான். சாரணர் என்ற பெயரை வைத்துக்கொண்டு யார் வந்தாலும் நம்பிவிடக் கூடாது. பொறுப்பாசிரியர் அடிப்படைப் பயிற்சி முடித்தவரா? இரவில் பெண் பிள்ளைகளோடு தங்கும் பெண் ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன? பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவில் விளக்கு இருக்கிறதா? பக்கத்து ஆஸ்பத்திரி எது, இரவில் வண்டி யாருடையது? பிள்ளை வீட்டுக்குப் பேச வேண்டும் என்றால் யார் போனில் பேசும்?

இவ்வளவையும் கேட்டபோது எதிரே இருந்தவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது உண்மை. ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. அடுத்த சீட்டில் பெண் ஆசிரியர்களின் பெயரும் போன் நம்பரும் அச்சாகியே வந்தன. நல்ல ஆசிரியர் இந்தக் கேள்விகளைக் கண்டு பயப்பட மாட்டார். சனிக்கிழமையையும் லீவு நாளையும் விட்டுக்கொடுத்துப் பிள்ளைகளோடு அலையும் சாரண ஆசிரியர்கள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். போலிகளால் முதலில் கெட்டுப்போவது அவர்கள் பேர்தான்.

பிள்ளையிடமும் பேசியாக வேண்டும். யாராவது தொடக் கூடாத விதத்தில் தொட்டால், தனியே கூப்பிட்டால், "வீட்டில் சொல்லாதே" என்றால் உடனே சொல்ல வேண்டும், சொன்னால் அப்பாவும் அம்மாவும் திட்ட மாட்டோம் என்று அனுப்புவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 இரண்டும் மனப்பாடமாக வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தவர் எவரானாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "பள்ளி பேர் கெடும், பேசித் தீர்த்துக்கலாம்" என்ற பேச்சு வந்த இடத்திலேயே எழுந்து ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும்.

கேட்கப் போக நேரம் எங்கே?

இதெல்லாம் சரி, பள்ளிக்குப் போக லீவு யார் கொடுப்பார்கள்? நம் வட்டாரத்தின் உண்மையான சிக்கல் இதுதான். ஏ ஷிப்ட் என்றால் பிள்ளை எழுவதற்கு முன் கம்பெனி பஸ் போய்விடும். பி ஷிப்ட் என்றால் வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். சி ஷிப்ட் என்றால் பகலில் நாம் தூங்குவோம். கணவன், மனைவி இருவரும் ஆளுக்கொரு ஷிப்டில் இருக்கும் வீட்டில், பள்ளிச் சீட்டு ஃபிரிட்ஜின் மேல் கிடந்து கடைசி நாளில்தான் கண்ணில் படும். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் அன்றைய சம்பளம் போகும் என்ற நிலையில் இருக்கிற கான்ட்ராக்ட் தொழிலாளியிடம், "விழிப்பாக இருங்கள்" என்று அறிவுரை சொல்வதில் அர்த்தமே இல்லை. போலிப் பயிற்சியாளருக்கு வசதியான ஊர், பெற்றோர் பள்ளிப் பக்கம் வர முடியாத ஊர்தான்.

ஆகவே இது கம்பெனிகளின் பொறுப்பும்கூட. கிருஷ்ணகிரி செய்தி வந்த அதே 2024 ஆகஸ்டில்தான், நம் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் சிப்காட் கட்டிய விடுதியை முதலமைச்சர் திறந்து வைத்தார். 18,720 பெண்கள் தங்கலாம். அதற்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு முன், 2021 டிசம்பரில், வேறொரு விடுதியின் சாப்பாட்டால் உடல்நலம் கெட்டு ஃபாக்ஸ்கான் கம்பெனியின் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததை இந்த ஊர் மறந்திருக்காது. கேள்வி பெரிதானபோது அரசும் கம்பெனியும் சேர்ந்து பதில் தேடின. அத்தனை ஆயிரம் பெண்கள் எங்கே தூங்குவது என்று திட்டம் போட முடிந்தவர்களுக்கு, முப்பது பிள்ளைகள் மூன்று இரவு பத்திரமாகத் தங்க வழி செய்வது கஷ்டமே இல்லை.

செய்யக் கூடியவை

கம்பெனிகளிடம் முதல் கோரிக்கை நேரம்தான். பிள்ளையின் பள்ளி முகாமுக்கும் பெற்றோர் கூட்டத்துக்கும் ஆண்டுக்கு இரண்டு நாள் சம்பளத்தோடு அனுமதி வேண்டும், அல்லது கேட்ட வாரத்தில் ஷிப்ட் மாற்றித் தர வேண்டும். நிரந்தரத் தொழிலாளி, கான்ட்ராக்ட் தொழிலாளி என்ற பேதம் இதில் கூடாது. முகாமில் இரவு துணைக்கு இருக்க முன்வரும் அம்மாக்களுக்கு மறுநாள் ஓய்வு தர வேண்டும்.

இரண்டாவது பணம். கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நம் வட்டாரப் பள்ளிகளில் அந்தப் பணத்தில் பெஞ்சும் பெயிண்டும் ஆர்.ஓ. மெஷினும் வந்திருக்கின்றன. நல்லதுதான். அதில் ஒரு பங்கைச் சாரண ஆசிரியர் பயிற்சிக்கும், நல்ல கூடாரங்களுக்கும், முதலுதவிப் பெட்டிக்கும், பிள்ளைகளின் சீருடைக்கும் கொடுக்கலாம். சீருடை வாங்க முடியாமல் சேராத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, எனக்கு மிகவும் ஆசையான யோசனை. வல்லம் விடுதியிலும் மற்ற விடுதிகளிலும் இருக்கும் இளம் பெண்களில் பள்ளியில் சாரணியராக இருந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். இயக்கத்தில் 25 வயதுவரை திரிசாரணியராகத் தொடரலாம். கம்பெனிகளும் மாவட்ட அமைப்பும் சேர்ந்து அவர்களைக் கண்டுபிடித்து, முறையாகப் பதிவு செய்து, பயிற்சி கொடுத்தால், பக்கத்துப் பள்ளிகளின் சாரணியர் படைகளுக்கு உதவ ஆள் கிடைக்கும். பெண் ஆசிரியர் போதவில்லை என்ற சாக்கும் போகும். லைனும் விடுதியுமாக நாள் கழிக்கும் அந்தப் பெண்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் வெளிக்காற்று.

இடம் சிப்காட் தர வேண்டும். 2025 ஜனவரி 28இலிருந்து பிப்ரவரி 3 வரை சாரணர் வைரவிழாப் பெருந்திரளணி நடந்ததே மணப்பாறை சிப்காட் வளாகத்தில்தான். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரு வாரம் அங்கே தங்கினார்கள். சென்னையில் இயக்கத்துக்கு 10 கோடி ரூபாயில் தலைமை அலுவலகம் கட்டித் தரப்படும் என்று முதலமைச்சர் அறிவித்ததும் அங்கேதான். தலைமை அலுவலகம் வரட்டும். அதோடு ஒரகடம், வல்லம், பிள்ளைப்பாக்கம் தொழிற்பூங்காக்களில் ஏதாவது ஒன்றில் சில ஏக்கரை நிரந்தர முகாம் திடலாக ஒதுக்க வேண்டும். மதில், மரம், குடிநீர், தனித்தனிக் கழிப்பறை, விளக்கு, இரவுக் காவல் இருந்தால் எந்தப் பள்ளியும் வகுப்பறைத் தரையில் பிள்ளைகளைப் படுக்கப் போட வேண்டியதில்லை.

பள்ளிக் கல்வித் துறை ஒரே வடிவத்தில் முகாம் படிவம் கொண்டுவர வேண்டும். பொறுப்பாளர் பெயர், அவருடைய இயக்கப் பதிவு எண், மாவட்ட அமைப்பின் அனுமதி எண், இரவில் தங்கும் பெண் பெரியவர்கள் இருவரின் பெயர், தங்குமிடம், ஆஸ்பத்திரி, 1098, 14417 ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் முகாம் நடக்கக் கூடாது. ஒடிஷா, பிகார் பெற்றோருக்கு ஒடியா, இந்தியிலும் அது கிடைக்க வேண்டும். பயிற்சி பெற்ற சாரண ஆசிரியர் இடமாறுதலில் போனால் படையே கலைந்துவிடுகிறது. ஒவ்வொரு பள்ளியிலும் இருவருக்குப் பயிற்சி கொடுத்தால் அந்த நிலை வராது.

பெற்றோராகிய நாம் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோரே. அடுத்த கூட்டத்தில் சாரணர் முகாமை ஒரு பொருளாகச் சேர்க்கச் சொல்லலாம். தனியார் பள்ளி என்றால் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் எழுதிக் கொடுக்கலாம். ஒரு படைக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து, எந்த வாரம் யார் டே ஷிப்ட், எந்த இரவு யார் முகாமுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று பிரித்துக்கொள்ளலாம். என் மகளின் படையில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். பக்கத்து சீட்காரர் தன் மகளைத் திரும்பச் சேர்ப்பதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த முகாமின் இரண்டாம் நாள் இரவு என்னோடு வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்த வாரம் அவருக்கு ஏ ஷிப்ட்.